உப்புப் போட்டால் சோடா ஏன் பொங்குகிறது?

ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் ஓடும் நாளில், வெயிலில் வடம் பிடித்துக் களைத்தவர்களுக்கு எலுமிச்சை சோடாதான் உயிர். பழத்தைப் பிழிந்து, சோடாவை ஊற்றி, கடைசியாக ஒரு சிட்டிகை உப்பைப் போட்டதும் நுரை தம்ளர் விளிம்பைத் தாண்டிப் பொங்கும். உப்பும் சோடாவும் வினைபுரிவதால்தான் இப்படி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே வேதிவினை எதுவும் நடப்பதில்லை.

சோடா என்பது அழுத்தம் கொடுத்துக் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்த தண்ணீர். அழுத்தம் கூடக்கூடக் கரையும் வாயுவும் கூடும் என்று 1803-இல் வில்லியம் ஹென்றி காட்டினார். கோலி சோடாவில் அந்த அழுத்தமே மூடியையும் காக்கிறது: வாயு கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இது ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. எவ்வளவு அழகான யோசனை!

கோலியை உள்ளே தள்ளியதும் அழுத்தம் இறங்கிவிடுகிறது. ஆனாலும் கரைந்த வாயு மொத்தமும் உடனே வெளியே வருவதில்லை. காரணம், குமிழி பிறப்பது அத்தனை சுலபமில்லை. மிகச் சிறிய குமிழியைச் சுற்றியுள்ள நீரின் பரப்பு இழுவிசை நசுக்கி, மறுபடி கரைத்துவிடும். ஏற்கெனவே கொஞ்சம் காற்று தங்கியிருக்கும் ஓர் இடுக்கு கிடைத்தால் கதை மாறும். உப்புக்கல்லின் சொரசொரப்பான பரப்பில் அப்படிப்பட்ட இடுக்குகள் ஏராளம். கரைந்திருக்கும் வாயு அங்கே வந்து சேர்ந்து, குமிழி பெருத்து, பிய்த்துக்கொண்டு மேலேறும். தம்ளரை உற்றுப் பாருங்கள்: அடியில் கடுகைவிடச் சிறிதாக இருக்கும் குமிழி, போகிற வழியில் இன்னும் வாயுவைச் சேர்த்துக்கொண்டு மேலே வரும்போது பெரிதாகியிருக்கும். உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டாலும் பொங்கும்.

அப்புறம் அந்தச் சுருக்கென்ற உணர்வு. அது குமிழி வெடித்து நாக்கில் குத்துவதால் மட்டும் வருவதில்லை. நாக்கிலுள்ள ஒரு நொதி கார்பன் டை ஆக்சைடைக் கார்பானிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம்தான் நரம்பைச் சீண்டுகிறது. குமிழியே உருவாக முடியாத உயர் அழுத்த அறையில் சோடா குடிக்கவைத்துப் பார்த்தபோதும் அந்தச் சுருக் குறையவில்லை.

சூடு கூடினால் வாயு தங்காது. சாதாரணக் காற்றழுத்தத்தில் 0 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 1.7 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அதில் பாதிகூட இல்லை. நம்மூர் வெயிலுக்குச் சோடா ஜில்லென்று இருந்தால்தான் சுருக்கென்று இருக்கும். நுரையைவிடச் சுருக் பிடிக்கும் என்றால், உப்பை முதலில் எலுமிச்சைச் சாறில் நன்றாகக் கரைத்துவிட்டு, பிறகு சோடாவை மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள்.