கண்மாய்க்குள் கேமரா விட்டால் மீன் தெரியுமா?

போன தை மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா மகன் பெட்டியைத் திறந்ததும், கோடாலித் தைலத்துக்கு முன்னால் வெளியே வந்தது ஒரு தண்ணீருக்கடி கேமரா. எலுமிச்சம்பழம் அளவுக்கு லென்ஸ், அதைச் சுற்றிக் குட்டி எல்.இ.டி. விளக்குகள், நீளமாக ஒரு கேபிள், கையகலத் திரை. மறுநாள் விடிந்ததும் காரைக்குடிக்கு வெளியே எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் உட்கார்ந்துவிட்டோம்.

திரையில் தெரிந்தது டீ. பால் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிய டீ. விளக்கைப் போட்டோம். டீக்குள் பனி கொட்டியது. மாடு பத்திக்கொண்டு வந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, படம் இன்னும் போடலையா?" என்றார்.

கேமராவில் பழுது ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் செம்மண். அதில் உள்ள களிமண் துகள் 2 மைக்ரானுக்கும் சிறியது, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. அசையாத தண்ணீரிலேயே 2 மைக்ரான் துகள் 10 சென்டிமீட்டர் கீழே இறங்க ஏறக்குறைய 8 மணி நேரம் ஆகும். போதாததற்கு இந்தத் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் கட்டியாகச் சேர்ந்து படிவதும் இல்லை. எங்கள் ஆச்சி பானைக்குள் தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பது இதற்குத்தான். அதிலிருந்து வரும் பசை துகள்களை ஒன்றாகப் பிடித்துக் கீழே இழுத்துவிடும். பானைக்குச் சரி, கண்மாய்க்கு எத்தனை மூட்டை தேய்ப்பது? காற்று ஒரு பக்கம் கலக்குகிறது, மாடு ஒரு பக்கம் கலக்குகிறது. நாம் தேடிப்போகும் கெண்டையும் இரைக்காகச் சேற்றைக் கிளறி, தான் ஒளிய இடம் செய்துகொள்கிறது.

விளக்கு ஏன் காரியத்தைக் கெடுத்தது? மார்கழி மூடுபனியில் வண்டியின் ஹைபீமைப் போட்டுப் பாருங்கள், சாலை மறைந்து வெள்ளைச் சுவர்தான் தெரியும். விளக்கு லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், நடுவில் மிதக்கும் துகள்களில் பட்ட ஒளி நேராக லென்ஸுக்கே திரும்பிவிடுகிறது. கடலடியில் படம் எடுப்பவர்கள் விளக்கை நீளமான கைகளில் மாட்டிப் பக்கவாட்டில் தள்ளி வைப்பது இதனால்தான். அகச்சிவப்பு விளக்கு என்று விளம்பரம் செய்வார்கள். பெரும்பாலான மீன்களின் கண்ணுக்கு அது அவ்வளவாகத் தெரியாது என்பது சரிதான். ஆனால் அந்த ஒளியைத் தண்ணீரே குடித்துவிடும். 850 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு ஒளி சுத்தமான தண்ணீரில் ஒரு மீட்டர் போவதற்குள் நூறில் ஒன்றிரண்டு பங்காகிவிடுகிறது. அப்புறம் அது மீன் மேல் பட்டுத் திரும்பியும் வர வேண்டும். கேபிள் இல்லாத மாடல் தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வைஃபை அலை தண்ணீருக்குள் சில அங்குலம் போவதற்கே திணறும்.

பிறகு எப்படி வீடியோக்களில் மீன் பளிச்சென்று வருகிறது? அவற்றில் பல கனடா, அமெரிக்காவின் வடக்குப் பக்கம், உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பவர்கள் எடுப்பவை. மேலே பனிக்கட்டி மூடியிருப்பதால் அலை கிடையாது, கலங்கல் படிந்துவிடும், கேமராவும் ஆடாமல் தொங்கும். அங்கே அது காசுக்கேற்ற பொருள்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைக்குச் செலவே இல்லை. 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கி, அது எந்த ஆழத்தில் மறைகிறது என்று அளந்தார். இன்றும் ஏரி ஆய்வாளர்களுக்கு அந்தத் தட்டுதான் அளவுகோல். நாங்கள் வீட்டிலிருந்த பழைய இனாமல் தட்டில் கல் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் இறக்கினோம். கண்மாயில் ஒரு சாணில் காணாமல் போனது. என் கணக்கில், மூன்றடிக்குள் தட்டு மறைகிற தண்ணீருக்குக் கேமரா வாங்குவது வீண்.

ஒலியால் மீன் தேடும் கருவிக்குக் கலங்கல் ஒரு பொருட்டில்லை. மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பையில் பட்டு ஒலி எதிரொலிக்கும். ஆனால் 20 பாகைக் கூம்பாக ஒலி விடும் கருவி, 2 மீட்டர் ஆழக் கண்மாயில் தரையில் முக்கால் மீட்டர் வட்டத்தைக்கூடப் பார்க்காது. விராலுக்கு இது எதுவும் வேண்டாம். மூச்சு விட அது மேலே வந்தே ஆக வேண்டும். கரையில் பொறுமையாக உட்கார்ந்தால் போதும்.

கேமராவுக்கு வேலை கிடைத்தது தோட்டத்துக் கிணற்றில். அங்கே தட்டு ஆறாவது முடிச்சு வரை தெரிந்தது. ஜிலேபிக் கெண்டை ஒன்று எங்கள் தூண்டிலில் இருந்த மண்புழுவை உறிஞ்சி, கண் இமைப்பதற்குள் துப்பியது. மேலே தக்கை அசையவே இல்லை. மறுபடி உறிஞ்சியது, மறுபடி துப்பியது. "மீனே இல்லை" என்று நாங்கள் எழுந்து போன நாட்களில் கீழே நடந்தது இதுதான் போலிருக்கிறது. முள்ளைச் சின்னதாக்கி, புழுவைக் கிள்ளிப் போட்ட பிறகு இரண்டு மாட்டின.

சித்தப்பா மகன் திரும்பிப் போய்விட்டான், கேமரா இங்கேயே இருக்கிறது. சென்ற வாரம் அதே கிணற்றில் பித்தளை வாளி விழுந்தது. பாதாளக் கரண்டிக்குப் பக்கத்தில் கேமராவைக் கட்டி இறக்கினோம். இரண்டாவது தூக்கிலேயே வாளி மேலே வந்துவிட்டது.