சாவி வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

"லோன் அப்ரூவ் ஆயிடுச்சு, இனி சாவி வாங்குறதுதான் பாக்கி" என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அமெரிக்காவில் வீட்டுக் கடன் வேலையில் இருப்பவள் நான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உங்கள் கிரெடிட்டை, அதாவது கடன் வரலாற்றை, இன்னொரு தடவை பார்ப்போம், வேலையில் இருக்கிறீர்களா என்று கம்பெனியிலும் விசாரிப்போம். அதனால் தவணையில் சோஃபா, புதுக் கார், வேலை மாற்றம் எல்லாம் சாவி கைக்கு வந்தபிறகுதான். ஊரிலிருந்து அப்பா பணம் அனுப்புவதாக இருந்தால் அதையும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். கணக்கில் திடீரென்று பெரிய தொகை விழுந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்போம், திருப்பித் தர வேண்டாத பணம் என்று அவர் கடிதமும் தரவேண்டும்.

இதெல்லாம் எல்லோருக்கும் பொது. நம் ஆட்களுக்கென்றே தனியாக ஒரு தலைவலி உண்டு, பெயர்.

ஒருவருக்கு பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலி, அதனால் விசாவிலும் டிரைவிங் லைசென்ஸிலும் முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' ('முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று வந்துவிட்டது. வீடு வாங்கும் ஒப்பந்தத்திலோ அப்பா பெயரின் முதலெழுத்தோடு கையெழுத்துப் போட்டிருந்தார். பத்திரங்களில் கையெழுத்துப் போட்டு வீட்டை வாங்கி முடிக்கும் குளோசிங் நாளில், மேசையில் நோட்டரி லைசென்ஸைப் பார்க்கிறார், பத்திரத்தைப் பார்க்கிறார், மறுபடி லைசென்ஸைப் பார்க்கிறார், பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று உறுதிமொழி எழுதி, கடன் கொடுப்பவரும் சரி சொல்லி முடிப்பதற்குள் மனுஷன் சட்டையெல்லாம் வேர்வை. லைசென்ஸின் படத்தை முதல் வாரமே, வீட்டின் உரிமையைச் சரிபார்த்துக் குளோசிங்கை நடத்தும் டைட்டில் கம்பெனிக்கு அனுப்பி, "இதே எழுத்தில் போடுங்கள்" என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

அப்புறம், குளோசிங் டிஸ்க்ளோஷர், அதாவது உங்கள் கடனின் இறுதிக் கணக்கு. மொத்தம் 5 பக்கம். 2015 அக்டோபரிலிருந்து இருக்கும் விதிப்படி, குளோசிங்குக்குக் குறைந்தது 3 வேலை நாள் முன்பே இது உங்கள் கையில் இருக்கவேண்டும் (இந்தக் கணக்கில் சனிக்கிழமையும் வேலை நாள்). பாதிப் பேர் போனில் விரலால் தள்ளிக்கொண்டே போய் ஓகே அழுத்திவிடுகிறார்கள். முதலில் வாங்கின உத்தேசக் கணக்கான லோன் எஸ்டிமேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வட்டி, கடன் தொகை, நீங்கள் கொண்டுவர வேண்டிய பணம் மூன்றையும் ஒப்பிடுங்கள். கொண்டுவர வேண்டிய பணத்தில் எது எவ்வளவு மாறியது என்று 3-ம் பக்கத்தில் அவர்களே அட்டவணை போட்டிருப்பார்கள். கடன் கொடுப்பவர் தனக்காக வாங்கும் கட்டணம் தக்க காரணமில்லாமல் கூடக் கூடாது, கூடியிருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். மாத ஆரம்பத்தில் குளோசிங் வைத்தால் அன்றைக்குக் கட்டவேண்டிய முன்வட்டி (அந்த மாதக் கடைசி வரைக்குமான வட்டி) அதிகம்: ஜூன் 28 என்றால் 3 நாள் வட்டி, ஜூன் 5 என்றால் 26 நாள். இரண்டுக்கும் முதல் தவணை பொதுவாக ஆகஸ்ட் 1 தான். அதை ஏமாற்று வேலை என்று நினைத்து என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு!

உண்மையான ஏமாற்று வேலை மெயிலில் வரும். என்னிடம் கடன் வாங்கிய ஒருவருக்கு, "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இந்தக் கணக்குக்கு வயர் பண்ணுங்கள்" என்று ஒரு மெயில். வீட்டு முகவரி சரி, குளோசிங் தேதி சரி, அனுப்பியவர் முகவரியில் மட்டும் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். அவர் அந்த மெயிலில் இருந்த நம்பருக்கே போன் போடப் போயிருக்கிறார், நல்லவேளை, மனைவி ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருந்த டைட்டில் கம்பெனி கார்டைப் பார்த்து அந்த நம்பரில் கூப்பிட்டார். அவர்கள் எதையும் மாற்றவே இல்லை! வயர் போன பணத்தைத் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு, அதனால் முதல் நாளே உங்களிடம் இருந்த நம்பரில் மட்டும் பேசி, கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள். பணத்தையும் ஒருநாள் முன்பே அனுப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் குளோசிங் வைத்து வயர் வந்து சேரவில்லை என்றால், சாமான் ஏற்றிய லாரியோடு திங்கள் வரை காத்திருக்க வேண்டியதுதான்.