டேம்பர்: தணிப்பானா, காற்று மதகா?

ராணிப்பேட்டைப் பக்கம் பாய்லர் வேலை தெரிந்தவர்களிடம் அன்றாடம் புழங்கும் சொல் டேம்பர். அங்கே இருக்கும் பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலையில் விசிறி, காற்றுச் சூடாக்கி இவற்றோடு டேம்பரும் தயாராகிறது. வேலூர் வெயிலில் வீட்டைச் சூடாக்கும் கருவி யாருக்கும் தேவைப்படாது. ஆனால் ஆஸ்பத்திரி, ஓட்டல், சலவைக்கூடம் என்று வெந்நீரும் நீராவியும் வேண்டிய இடங்களில் எரிவாயு பாய்லர் இருந்தால், அதன் பர்னரிலும் ஒரு டேம்பர் இருக்கும்.

காற்றுப் பாதையின் குறுக்கே ஓர் அச்சில் பொருத்தியிருக்கும் தகடுதான் அது. தகடு திரும்பும் கோணத்துக்கு ஏற்ப வழி அகலும் அல்லது குறுகும். கத்திக்கும் உளிக்கும் சொல்கிற ‘டெம்பர்’ வேறு. அது இரும்பின் உறுதியைப் பற்றியது.

சொல்லின் வேர் ஜெர்மானிய மொழிகளில் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் ‘டாம்ப்ஃப்’ என்றால் இன்றும் நீராவி. நீராவிக் கொதிகலனுக்கு ‘டாம்ப்ஃப்கெசல்’ என்று பெயர். ஆங்கிலத்துக்குள் வந்த ‘டேம்ப்’ முதலில் நச்சு ஆவியைக் குறித்தது. ஈரம் என்ற பொருள் பின்னால் சேர்ந்ததுதான். நச்சு ஆவி மூச்சை அடைக்கும், விளக்கை அணைக்கும் அல்லவா? அதிலிருந்து ‘மூச்சடைக்கச் செய், அடக்கு’ என்ற வினை பிறந்தது. அடுப்பின் வேகத்தை அடக்கும் புகைபோக்கித் தகட்டுக்கு டேம்பர் என்ற பெயர் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழங்கத் தொடங்கியது.

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் இந்த ‘டேம்ப்’பை வகை வகையாகப் பிரித்துப் பெயர் வைத்திருந்தார்கள். தீப்பிடித்து வெடிக்கும் வாயு ‘ஃபயர்டேம்ப்’. அது பெரும்பாலும் மீத்தேன். அதற்கு அஞ்சித்தான் ஹம்ஃப்ரி டேவி 1815-இல் சுரங்கப் பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். மூச்சை அடைக்கும் ‘பிளாக்டேம்ப்’ கரியமில வாயுவும் நைட்ரஜனும் கலந்தது. ‘வொயிட்டேம்ப்’ என்பது நிறமும் மணமும் இல்லாமல் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு. இன்றைய எரிவாயு பர்னரையும் இந்த மூன்றையும் வைத்தே விளக்கிவிடலாம். இயற்கை எரிவாயு என்று உள்ளே போவது பெரும்பாலும் மீத்தேன். காற்று போதுமானால் வெளியே வருவது கரியமில வாயு, நைட்ரஜன், நீராவி. காற்று குறைந்தால் கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். அதைத் தடுக்கும் காற்றை அளந்து விடும் தகட்டுக்கும் அதே வேரிலிருந்து பெயர்!

சரி, தமிழில் என்ன சொல்வது? கலைச்சொல் பட்டியல்களில் ‘தணிப்பான்’, ‘ஒடுக்கி’ போன்றவை கிடைக்கும். வேரை மட்டும் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் பர்னரில் தகடு செய்யும் வேலைக்கு இந்தச் சொற்கள் பொருந்தவில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கன மீட்டர் மீத்தேன் முழுதாக எரிய ஏறக்குறைய 9.5 கன மீட்டர் காற்று வேண்டும். சிலிண்டர் வாயுவில் இருக்கும் புரொப்பேனுக்கு ஏறக்குறைய 24. அதனால் சிலிண்டர் வாயுவிலிருந்து குழாய் வாயுவுக்கு மாறினால் பழைய அமைப்பை அப்படியே விட முடியாது. கணக்குப்படியான காற்றை மட்டும் விட்டாலும் போதாது. வாயுவும் காற்றும் ஒரே சீராகக் கலப்பதில்லை என்பதால் கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும். இதற்கு ‘மிகைக் காற்று’ என்பது நல்ல சொல். இயற்கை எரிவாயுவில் 15 சதவீதம் போல மிகைக் காற்று இருந்தால், புகையில் ஆக்சிஜன் ஏறக்குறைய 3 சதவீதம் காட்டும். அதற்கு மேல் போகப் போக வெப்பம் வீணாகப் புகைபோக்கி வழியே வெளியேறும். குறைத்துக்கொண்டே போனால் மோனாக்சைடு ஏறும். பண நஷ்டத்தைப் பிறகு சரிசெய்யலாம், உயிர் அப்படி இல்லை. பயிற்சி பெற்றவர் புகைபோக்கியில் அளவி வைத்து, ஆக்சிஜனையும் மோனாக்சைடையும் பார்த்து, சிறு சுடரிலும் பெருஞ்சுடரிலும் தனித்தனியாகத் தகட்டைத் திருத்துவதன் காரணம் இதுதான். கொஞ்சம் திருப்பி, எண் நிலைக்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் அடுத்த திருத்தம்.

பற்றவைக்கும் முன் உள்ளே தங்கியிருக்கக்கூடிய வாயுவை வெளியேற்ற டேம்பரை அகலத் திறந்து காற்றைச் செலுத்துவார்கள். சுடரைக் கூட்டும்போது காற்று முந்தி, வாயு பிந்தி; குறைக்கும்போது வாயு முந்தி, காற்று பிந்தி. இவ்வளவும் செய்கிற தகட்டைத் தணிப்பான் என்றால், புதிதாக வேலைக்கு வரும் பையன் அது குறைப்பதற்கு மட்டுமே உள்ளது என்று நினைக்க இடமிருக்கிறது. காற்றைக் குறைப்பதுதான் இங்கே ஆபத்தான பக்கம்.

நம் வட ஆற்காட்டுக்காரருக்கு இதற்கான சொல்லை வெளியே தேட வேண்டியதில்லை. பாலாற்றில் ஆண்டு முழுக்க நீர் ஓடாததால் இந்த மண்ணின் விவசாயம் ஏரியை நம்பியது. காவேரிப்பாக்கம் பெரிய ஏரியிலிருந்து சிற்றூர் ஏரிவரை மதகு உண்டு. ஏரி நீரை வயலுக்குத் திறந்துவிடும் பொறுப்பில் இருக்கும் நீர்கட்டி அதைப் பயிரின் தேவை பார்த்துத் திறப்பார், இறக்குவார், பாதியில் நிறுத்துவார். டேம்பர் காற்றுக்கு அதைத்தான் செய்கிறது. ‘காற்று மதகு’ என்றால் திறப்பதும் மூடுவதும் அளந்து விடுவதும் அந்தச் சொல்லிலேயே வந்துவிடும். வால்வுக்கு வழங்கும் ‘அடைப்பிதழ்’ இங்கே ஒத்துவராது. வால்வு கசிவில்லாமல் அடைக்க வேண்டியது. பர்னரின் டேம்பர் பொதுவாக மூடிய நிலையிலும் சற்றே காற்று விடும்.

புகைபோக்கியில் இருப்பதைப் ‘புகை மதகு’ எனலாம். மதகுத் தகடு, மதகுக் கோணம், பாதி மதகு என்று மற்ற சொற்களும் சிரமமில்லாமல் கிடைக்கின்றன. வண்டியிலும் கட்டடத்திலும் அதிர்வைக் குறைக்கிற டேம்பருக்கோ தணிப்பான் சரியான சொல். அங்கே அது அப்படியே இருக்கட்டும்.