பாணி மருந்து கட்டியா இருக்கெண்டு தண்ணி ஊத்தாதீங்கோ

எனக்கு கொழும்பு வெள்ளவத்தையில ஒரு பாமசியில வேலை. போன மாசம் ஒரு அம்மா, ரெண்டு வயசுப் பிள்ளைக்கு அமொக்சிசிலின் எண்ட அன்டிபயோட்டிக் பாணி வாங்கிக்கொண்டு போனவா, மூண்டாம் நாள் திரும்பி வந்து "தம்பி, காய்ச்சல் விடுதில்லை, வேற மருந்து தாங்கோ" எண்டா. போத்தலை வாங்கிப் பாத்தா, மூண்டு நாள் குடுத்த பிறகும் மருந்து போத்தலில போட்டிருக்கிற அளவுக் கோட்டுக்கு மேல நிக்குது, அடியில வெள்ளையா ஒரு படை. "கட்டியா இருந்திச்சு, பிள்ளை துப்பினவன், அதான் கொஞ்சம் ஆறின தண்ணி விட்டனான்."

அந்தக் கட்டித்தன்மை வேணுமெண்டுதான் வச்சது. இந்த மருந்து முழுசாக் கரையாது, தூளாத்தான் நிக்குது. 1827 இல ரொபர்ட் பிரவுண் மைக்ரோஸ்கோப்பில ஒரு ஆட்டம் பாத்தார், மிகச் சின்னத் துணிக்கையைத் தண்ணி மூலக்கூறுகள் இடிச்சு இடிச்சே அலைய விடும், ஆனா மருந்துத் தூள் அதைவிடப் பெரிசு, பாரம் இழுத்துக் கீழ கொண்டு போயிடும். அதை ஏந்தி வைக்கத்தான் சாந்தன் கம் மாதிரி கட்டியாக்கிற ஏதாவது சேக்கிறது. தண்ணி ஊத்தினா ஏந்திறதும் போச்சு, ஒவ்வொரு 5 மில்லியிலயும் மருந்தும் குறைஞ்சுது.

கட்டியா நிக்கிற ஒண்டு பிறகு எப்பிடி ஓடுதெண்டு விளங்க ரெண்டு உதாரணம் சொல்லுறன். பலூடா குடிச்சிருப்பீங்கள்தானே. ஊறின கசகசாவில (சப்ஜா விதை) ஒவ்வொரு விதையைச் சுத்தியும் வழுவழுப்பா ஒரு ஜெல் உறை. ஒரு கரண்டி போட்டா பாலுக்குள்ள ஓடித் திரியும், கிளாஸ் நிறையப் போட்டா ஒண்டை ஒண்டு நெருக்கிப் பிடிச்சு சரிச்சாலும் லேசில அசையாது, ஆனா ஸ்ட்ரோவால இழுத்தா நசிஞ்சு நெளிஞ்சு வந்திடும். கண்ணாடி உருண்டையெண்டா கண்டபடி கொட்டிக் குலுக்கினா ஏறக்குறைய 64 வீத இடத்தை நிரப்பினதோட இறுகிடும். ஜெல் உருண்டை மெதுமை, தன்ர உருவத்தை மாத்தி இன்னும் நெருங்கும்.

சானிட்டைசர் ஜெல் போத்தலுக்குள்ள ஒரு காத்துக் குமிழ் கிழமைக்கணக்கா அதே இடத்தில நிக்கிறதைக் கண்டிருப்பீங்கள் (நான் மட்டும்தான் பாக்கிறனோ தெரியாது). அநேகமா அந்த ஜெல்லைக் கட்டியாக்கிறது காபோமர் எண்ட பொருள், நூறில ஒரு பங்குகூட இருக்காது, ஆனா தண்ணியைக் குடிச்சு வீங்கின குட்டிக் குட்டி ஜெல் துணிக்கைகள் போத்தல் முழுக்க நெருக்கமா நிக்குதுகள், குமிழுக்கு வழி விடாதுகள். கொஞ்சம் உள்ளங்கையில எடுத்து உப்புத் தூவிப் பாருங்கோ, உப்புப் பட்டதும் வீக்கம் சுருங்கி நெருக்கம் விட்டு தண்ணியா ஓடும். வீட்டில பிள்ளைகளுக்குக் காட்டலாம், சந்தோசப்படுங்கள்.

மருந்துக்கு வாறன். குலுக்கினா தூளை ஏந்தி வச்ச அந்தப் பிடி தற்காலிகமா விட்டு இளகும், அடியில இருந்ததும் மேல வந்து கலக்கும், உடனே அளந்திடுங்கோ, குலுக்கி வச்சிட்டு போன் கதைச்சிட்டு வந்து ஊத்தக் கூடாது. குலுக்காம குடுத்தா முதல் நாள் மருந்து குறைவு, கடைசி நாள் அளவுக்கு மிஞ்சும். பிரிஜ்ஜில வைக்கச் சொல்லி லேபிளில இருந்தா கீழ் தட்டில வையுங்கோ, ஃபிரீசரில வேண்டாம், உறைஞ்சா தூள் ஒட்டிக் கட்டியாகி பிறகு எவ்வளவு குலுக்கினாலும் சரிவராது.

அந்த அம்மாவை அண்டைக்கே டொக்டரிட்ட திருப்பி அனுப்பினன். போகேக்க "அப்ப துப்பினா என்ன செய்ய?" எண்டு கேட்டா. போத்தலுக்குள்ள ஒண்டும் ஊத்தாம, அளந்து எடுத்ததை சிரிஞ்சால கன்னத்துப் பக்கமா கொஞ்சம் கொஞ்சமா விடுங்கோ அக்கா, இல்லாட்டி அந்த ஒரு தரத்து மருந்தை மட்டும் கொஞ்சப் பாலில கலந்து உடனே முழுக்கக் குடுங்கோ எண்டன்.