காற்றில் அலையடிக்கும் சுவர்

சிங்கப்பூரின் மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் ஏட்ரியத்தின் (உயர்ந்த உள்முற்றத்தின்) வெளிமுகப்பு குளத்து நீர்போல நெளிவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது கலைஞர் நெட் கான் வடிவமைத்த 'விண்ட் ஆர்பர்' என்ற படைப்பு. கீல்களில் தொங்கும் ஏறத்தாழ 260,000 உலோகத் தகடுகள். மோட்டார் எதுவும் இல்லை, காற்றுதான் அசைக்கிறது. வெயிலையும் ஓரளவு மறைப்பது கூடுதல் லாபம்.

தகடு எதுவும் இடம்விட்டு நகர்வதில்லை. காற்று வீச்சு ஒன்று சுவரைக் கடக்கும்போது அடுத்தடுத்த தகடுகள் சற்றுத் தாமதமாகச் சாய்கின்றன. வெளிச்சம் படும் கோணம் மாறுவதால், அந்தத் தாமதமே நம் கண்ணுக்கு அலையாகத் தெரிகிறது.

இப்படியொன்றைச் சிங்கப்பூரில் செய்ய நினைத்தால், முதல் சிக்கல் இங்கே காற்று குறைவு என்பதுதான். இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் வினாடிக்கு 2 மீட்டர் கிடைத்தாலே பெரிது. 10 செ.மீ. சதுரமான அலுமினியத் தகட்டை அந்தக் காற்று தள்ளும் விசை சுமார் 3 கிராம் எடைக்குச் சமம். அரை மி.மீ. தடிமனில் தகடு 13.5 கிராம் இருக்கும். ஏறக்குறைய 12 பாகை சாயும். தடிமனை 1 மி.மீ. ஆக்கினால் சாய்வு 6 பாகை. 3 மி.மீ. தகடு அசைவதே தெரியாது.

கீலைத் தகட்டின் நடுப்பக்கம் இறக்கினால் நன்றாக ஆடும் என்று சிலர் நினைப்பதுண்டு. பலன் இருக்காது. எடையின் நெம்புகை குறையும் அதே அளவுக்குக் காற்றின் நெம்புகையும் குறைந்துவிடும். உராய்வு மட்டும் அப்படியே நிற்கும். கீலுக்கு மேலே சின்ன எதிர்எடை வைப்பதுதான் வழி.

மறுபக்கம், சுமத்ரா பக்கமிருந்து திடீரென வீசும் சுமத்ரா சூறைக்காற்று. மணிக்கு 72 கி.மீ. வீச்சு வந்தால் வேகம் 10 மடங்கு, விசை 100 மடங்கு. தகடு 80 பாகை வரை எகிறி, மேலே உள்ள சட்டத்தில் அறையும். அதனால் 60 பாகையிலேயே ரப்பர் தடுப்பு தேவை. பின்புறம் அடைத்த சுவராக இருந்தாலும் தகடு சரியாக ஆடாது. காற்று ஊடுருவிப் போக வழி விட வேண்டும்.

ஆனால் இவ்வகைக் கலைப்படைப்புகளை முடக்குவது பெரும்பாலும் புயல் அல்ல, கடற்காற்றில் வரும் உப்பு. ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். இங்கே இரவெல்லாம் அந்த நிலைதான். வெயிலில் தகடு சூடேறியதும் அந்த உப்புநீர் கீல் துளைக்குள் காய்ந்து படிகமாகும். துளைக்கும் அதனுள் போகும் கீல் கம்பிக்கும் இடையே கால் மி.மீ. இடைவெளிதான் என்றால் சீக்கிரமே இறுகிவிடும். 2 மி.மீ. கம்பிக்கு 3 மி.மீ. துளை விடுவது நல்லது. கொஞ்சம் சலசலக்கும், பரவாயில்லை.

கம்பி 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். 304 ரகம் கடலோரத்தில் பழுப்புக் கறை ஏறும். அலுமினியம் நேராக ஸ்டீலைத் தொட்டால், ஈர உப்பு இரண்டையும் மின்கலமாக்கி அலுமினியத்தைத் தின்னும். துளையோரம் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதுதான் காரணம். நடுவே பிளாஸ்டிக் புஷ் (சிறு உறைக்குழல்) போட வேண்டும். நைலான் வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சி உப்பி, கம்பியைப் பிடித்துக்கொள்ளும். அசிட்டால் என்ற பிளாஸ்டிக் உப்புவது மிகக் குறைவு.

துரு முதலில் தொடங்குவது மழை படும் இடத்தில் அல்ல, மழை எட்டாத கூரையடி வரிசைகளில்; அங்கே உப்பைக் கழுவ ஆளில்லை. அந்த வரிசைகளுக்குத்தான் நல்ல தண்ணீர்க் கழுவல் அடிக்கடி தேவை. சாதாரண குழாய் அழுத்தம் போதும். பிரஷர் ஜெட் அடித்தால் உப்பு இன்னும் ஆழமாகத் துளைக்குள் போய் உட்காரும்.