உலோகக் கண்ணாடி: சொல்லும் குளிரும்

கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் ‘உலோகக் கண்ணாடி’ கேட்டால், முகம் தெரியத் தேய்த்த தகட்டைத்தான் காட்டுவார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. கண் + ஆடி. ஆடி என்றால் முகம் பார்ப்பது. கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடி அப்படிப்பட்டதுதான்: வெள்ளீயம் மிகுந்த வெண்கலம், உள்ளே முழுக்கப் படிகம், அதாவது அணுக்கள் வரிசையாக அடுக்கியது. நாம் பேசும் பொருள் அதுவல்ல. ஆங்கிலத்தில் ‘மெட்டாலிக் கிளாஸ்’ எனப்படுவது, அணுக்கள் வரிசைகட்டாமல் திரவத்தில் இருந்த வாக்கிலேயே உறைந்துபோன கலப்புலோகம். ஒளி ஊடுருவாது. ‘கிளாஸ்’ என்ற சொல் இங்கே உள்ளமைப்பைக் குறிக்கிறது.

சுவாமிமலையில் வண்டல் மண் அச்சில் ஊற்றிய உலோகம் மெல்ல ஆறும். அணுக்கள் படிகமாக அடுக்கிக்கொள்ள நேரம் தாராளம். அந்த நேரத்தைக் கொடுக்காமல் இருப்பதுதான் வித்தை. 1960இல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வுக்கழகத்தில் போல் டுவே குழுவினர் தங்கம் 75, சிலிக்கான் 25 அணு விழுக்காடு கொண்ட உருகலை நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்வித்தார்கள். கிடைத்தது மெல்லிய செதில். கட்டியாக வார்க்கக்கூடிய சிர்க்கோனியக் கலவைகள் பின்னால் வந்தன.

‘படிகமற்ற உலோகம்’ என்றும் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் அகலமான சொல். ஆவியாகப் படியவைத்த படலமும் அதில் அடங்கிவிடும். உருகலிலிருந்து வந்ததற்கு ‘உலோகக் கண்ணாடி’ என்பதே இருக்கட்டும். ‘உலோகம் பூசிய கண்ணாடி’ என்று பெயர்த்தால் பொருளே மாறிவிடும்.

இனிக் குளிர். ‘கிரையோஜெனிக்’கின் கிரேக்க வேர் உறைபனியைச் சொல்வது; ‘கடுங்குளிர்நிலை’ எனலாம். திரவ நைட்ரஜனில், அதாவது மைனஸ் 196 டிகிரியில் (77 கெல்வின்), சாதாரண எஃகு நொறுங்கும். அதன் படிகத்தில் அடுக்கு பிசகிய இடங்களான பிறழ்ச்சிக் கோடுகள் நகர்ந்துதான் வளைய இடங்கொடுக்கும்; அவை குளிரில் நகர மறுப்பதே காரணம். உலோகக் கண்ணாடியில் அந்தக் கோடுகளே கிடையாது. அணுக்கூட்டங்கள் சறுக்கி, சில பத்து நானோமீட்டர் தடிமனுள்ள ‘சறுக்குப் பட்டை’யாகத் திரள்கின்றன. குளிரில் வெப்பத்தின் உந்துதல் குறைவதால் சறுக்க அதிக விசை வேண்டும். ஜான்சன், சாம்வர் என்ற ஆய்வாளர்கள் 2005இல் தந்த வாய்பாட்டின்படி, சறுக்கு வலிமைக்கும் சறுக்கு மீள்மைக் குணகத்துக்கும் (சறுக்கும் விசைக்குப் பொருள் காட்டும் விறைப்பு) உள்ள விகிதம் = 0.036 − 0.016 × (வெப்பநிலை ÷ கண்ணாடி மாறுநிலை வெப்பநிலை)^⅔, வெப்பநிலைகள் கெல்வினில். மாறுநிலை என்பது உறைந்த கண்ணாடி சூட்டில் இளகத் தொடங்கும் வெப்பநிலை. மாறுநிலை 623 கெல்வின் என்றால், 300 கெல்வினில் 0.026; 77 கெல்வினில் 0.032. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஏற்றம். வலிமை ஏறியதால் விரிசல் தாங்கும் திறனும் ஏறியது என்று எண்ணிவிடக் கூடாது. அது கலவைக்குக் கலவை வேறுபடும். இழுவிசையில் இந்தக் குளிரிலும் ஒரே பட்டையில் அறுந்துபோகும்.

அறை வெப்பநிலையில் உலோகக் கண்ணாடியை அமுக்கினால் தகைவு (பரப்பலகின் மேல் விழும் விசை) வரைகோடு வெடுக்கு வெடுக்கென்று இறங்கி ஏறும். இதன் ஆங்கிலப் பெயரான ‘செரேட்டட் ஃபுளோ’வுக்கு நான் பரிந்துரைப்பது ‘கருக்கோட்டம்’. டெல்டாவில் கதிர் அறுக்கும் கருக்கரிவாளின் பற்களைப் பார்த்தவருக்கு விளக்கம் வேண்டாம். 77 கெல்வினில் அந்தப் பற்கள் மழுங்கிக் கோடு வழவழப்பாகிவிடும்: பட்டையின் சறுக்கு வேகம் குறைந்து, பாய்ச்சலாகப் போகாமல் சீராக நகர்கிறது.

சோதனையில் ஏமாறும் இடங்கள் உண்டு. அமுக்கும் மாதிரி உருளைக்கு 3 மி.மீ. விட்டம், 6 மி.மீ. உயரம் என்ற உயர-விட்ட விகிதம் 2:1க்குக் குறைந்தால், அமுக்கும் தட்டுகளே பட்டையைத் தடுத்து, இல்லாத நெகிழ்வைக் காட்டும். இரு முனைகளும் இணையாக இல்லாவிட்டாலும் அதே பொய். மாதிரி திரவத்தில் மூழ்கிக் கொதிப்பு அடங்கும்வரை பொறுக்க வேண்டும்; எந்திரத் தண்டுகளும் சுருங்குவதால் சுமையைச் சுழியாக்குவது அதற்குப் பிறகுதான். அதற்கும் முன்னால் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் படம் எடுங்கள். அகன்ற மேடு மட்டும் தெரிந்தால் சரி. கூர்முனை தலைகாட்டினால் படிகம் கலந்திருக்கிறது. சிர்க்கோனியக் கலவையில் ஆக்சிஜன் புகுந்தால் பெரும்பாலும் இதுதான் நேரும்.

கடைசியாக ‘ரிஜுவெனேஷன்’. மாறுநிலைக்குக் கீழே சூட்டில் வைத்தால் இந்தப் பொருளுக்கு மூப்பு வரும்: அணுக்கள் நெருங்கி அமர, நெகிழ்வு போகும். அதன் எதிர்ச்சொல் ‘இளமையூட்டல்’. திரவ நைட்ரஜனிலும் அறை வெப்பநிலையிலும் மாற்றி மாற்றி வைத்தாலே இளமை திரும்பும் என்று 2015இல் காட்டினார்கள். பொருளின் உள்ளே இடத்துக்கு இடம் விரிவும் சுருக்கமும் வேறுபடுவதால் உள்தகைவு எழுந்து, அணுக்களின் நெருக்கத்தைக் கலைக்கிறது. எல்லாக் கலவைக்கும் ஒரே அளவில் பலிப்பதில்லை.