கஞ்சமலைக் கருமணலும் எரியாத சருகும்

சேலத்தை அடுத்த கஞ்சமலை ஓடை மணலில் ஒரு காந்தத்தைப் புரட்டி எடுத்தால் கருந்துகள்கள் மீசை முளைத்தாற்போல் ஒட்டிக்கொண்டு வரும். மேக்னடைட் என்னும் இரும்புத்தாது அது. இரும்பு அணுக்களில் ஜோடி சேராமல் நிற்கும் எலக்ட்ரான்களே அந்த இழுப்புக்குக் காரணம். ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் தற்சுழற்சி என்ற பண்பு உண்டு. பெயரைக் கேட்டுப் பம்பரத்தை நினைக்க வேண்டாம். மேல், கீழ் என இரண்டே நிலைகள், அவ்வளவுதான். இரண்டும் ஜோடி சேர்ந்தால் காந்தத்தன்மை ஒன்றையொன்று கழித்துவிடும்.

நாம் மூச்சிழுக்கும் ஆக்சிஜனும் இந்த வகையறாதான். அதன் மூலக்கூறிலுள்ள 16 எலக்ட்ரான்களில் இரண்டு, ஒரே திசைத் தற்சுழற்சியோடு தனித்தனியே நிற்கின்றன. திரவ ஆக்சிஜனை வலிய காந்தத்தின் முனைகளுக்கிடையே ஊற்றினால் கீழே வழியாமல் தொங்கி நிற்கும்.

பங்குனி மாதத்தில் ஏற்காடு மலைப்பாதையோரம் சருகு நொறுங்கக் கிடக்கிறது. சுற்றிலும் காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன். ஆற்றல் கணக்குப்படி எரிவதே லாபம். ஆனாலும் யாரோ வீசும் பீடித்துண்டு வந்து விழும்வரை ஒன்றும் நடப்பதில்லை. பிணைப்புகளின் உறுதி ஒரு காரணம். இன்னொன்று தற்சுழற்சி. சருகின் செல்லுலோசில் எலக்ட்ரான்கள் எல்லாம் ஜோடியாகவே இருக்கின்றன. எரிந்தபின் கிடைக்கும் கார்பன் டை ஆக்சைடிலும் நீரிலும் அப்படியே. இடையில் ஆக்சிஜனின் தனி எலக்ட்ரான்களில் ஒன்று திசை மாறியாக வேண்டும். அது லேசில் நடவாது. ஜோடி சேர்ந்த ஆக்சிஜனும் உண்டு. அதை உருவாக்க மோலுக்குச் சுமார் 94 கிலோஜூல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். உருவாகிவிட்டால், இரட்டைப் பிணைப்புள்ள பொருள்களைத் தாவித் தாக்கும்.

இதைக் கணினியில் பிடிப்பது எப்படி? 16 எலக்ட்ரான்களின் அலைச்சார்பை, அதாவது அவை எங்கெங்கே இருக்கக்கூடும் என்பதைத் தரும் கணிதக் கோவையை, எழுத எலக்ட்ரானுக்கு மூன்று வீதம் 48 இட ஆயங்கள் (இடத்தைக் குறிக்கும் எண்கள்) வேண்டும். எலக்ட்ரான் அடர்த்தி ஒன்றே போதும், அதற்கு மூன்று ஆயங்கள்தாம் என்று 1964இல் இயற்பியலாளர்கள் ஹோகன்பெர்க்கும் வால்டர் கோனும் நிறுவினார்கள். ஜவ்வரிசி காயும் களத்தில் மணிகளை எண்ணாமல், எங்கே எவ்வளவு தடிப்பாகப் பரப்பியிருக்கிறது என்று பார்ப்பது போல. இதுவே அடர்த்திச் சார்பியக் கோட்பாடு.

கொள்கையளவில் மொத்த அடர்த்தியே போதும்தான். ஆனால் துல்லியமான சூத்திரம் யாரிடமும் இல்லை, கையிலிருப்பவை தோராயங்கள். மேலுக்கு ஒரு கணக்கு, கீழுக்கு ஒரு கணக்கு என்று பிரித்து வைத்தால்தான் ஆக்சிஜன் போன்றவற்றில் அவை தேறுகின்றன.

வினை எந்த அணுவில் தொடங்கும்? ஓர் எலக்ட்ரானைச் சேர்த்தால், அல்லது எடுத்தால், அடர்த்தி எங்கே அதிகம் மாறுகிறது என்று பாருங்கள் என்றார்கள் வேதியியலாளர்கள் ராபர்ட் பாரும் யாங்கும், 1984இல். 1988இல் மெக்சிகோவின் கால்வான், வேலா, காஸ்கெஸ் மூவரும் கேள்வியைத் திருப்பினார்கள்: எண்ணிக்கை மாறாமல் தற்சுழற்சியின் திசை மட்டும் மாறினால், அந்த மாற்றம் எங்கே விழும்? ஆக்சிஜனிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பேன்.

இரண்டு கணக்கு வைத்தாலும் தோராயம் சறுக்குவதுண்டு. அந்தந்த இடத்து அடர்த்தியை மட்டும் பார்த்த பழைய முறை, தூய இரும்புக்குக் காந்தத்தன்மையற்ற வேறொரு படிக அமைப்பே நிலையானது என்று அடித்துச் சொன்னது. அடர்த்தி இடத்துக்கு இடம் எவ்வளவு சரிகிறது என்பதையும் சேர்த்த பிறகே விடை திருந்தியது. அதுவரை கணினிக்குள் இருந்த இரும்பு எந்தக் காந்தத்திலும் ஒட்டியிருக்காது.